குழாய்நீர்: என் தெருவுக்கு நான்கு, கடைசித் தெருவுக்கு இரண்டு

எங்கள் சிறிய நகரத்தின் குழாய்நீருக்கு மதிப்பெண் போடப் போகிறேன். அதைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் குறை குளோரின் வாடைதான். என் சமையலறைக் குழாயிலும் அந்த வாடை உண்டு. அதற்காக நான் கால் மதிப்பெண்கூடக் குறைக்கப் போவதில்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். வாடை வந்தால் எனக்கு நிம்மதி; வராவிட்டால்தான் கவலை.

சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமிகளைக் கொல்வதோடு குளோரினின் வேலை முடிவதில்லை. நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள நீண்ட வழியில் எந்த மூட்டில் எது புகுந்தாலும் சமாளிக்கக் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். வீட்டுக் குழாயை அடையும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உச்ச வரம்பாக அது சொல்வது 5 மில்லிகிராம். பலருடைய மூக்கு அந்த வரம்புக்கு வெகு கீழேயே வாடையைக் கண்டுபிடித்துவிடும். பிடிக்காதவர்கள் வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வைக்கலாம். குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள்) சேர்க்கும் ஊர்களில் இந்த உத்தி அவ்வளவாக எடுபடாது. இன்னொன்று: வாடை போகும்போது காவலும் போய்விடுகிறது. அப்படித் திறந்து வைத்த தண்ணீரை நாள்கணக்கில் வைத்துக் குடிக்க வேண்டாம்.

நீச்சல்குளம் பராமரிப்பவர்கள் பயன்படுத்தும் டிபிடி மாத்திரைகள் என்னிடம் எப்போதும் இருக்கும். சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து ஒரு மாத்திரையைப் போட்டால், குளோரின் இருக்கும் அளவுக்கு ரோஜா நிறம் ஏறும். அட்டையில் அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிட்டு அளவைப் படித்துக்கொள்ளலாம். என் வீட்டில் காலையில் பார்த்தாலும் மாலையில் பார்த்தாலும் நல்ல ரோஜா நிறம். பிரதான குழாய் முடிகிற கடைசித் தெருவில் என்னோடு பணியாற்றிய தோழி ஒருத்தி குடியிருக்கிறாள். அவள் வீட்டில் பிடித்த தண்ணீர், மாத்திரை முழுவதும் கரைந்த பிறகும் ஏறக்குறைய நிறமில்லாமலே நின்றது. அந்தத் தெருவில் யாருக்கும் தண்ணீரைப் பற்றிப் புகாரே இல்லை. வாடையில்லாத தண்ணீர் என்று பெருமை வேறு. அதனால்தான் தலைப்பில் இரண்டு மதிப்பெண்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் கனடாவின் வாக்கர்ட்டனை நினைத்துப் பார்க்கலாம். சுமார் 5,000 பேர் வாழ்ந்த சிற்றூர். 2000 மே மாதத்தில் பெய்த கனமழையில், கால்நடைச் சாணத்திலிருந்த ஈ.கோலை கிருமி ஆழமில்லாத குடிநீர்க் கிணறு ஒன்றில் கலந்தது. அதை எதிர்கொள்ளும் அளவுக்குக் குளோரின் சேர்க்கப்படவில்லை. தினமும் அளக்க வேண்டிய எஞ்சிய குளோரினை அளக்காமலே பதிவேட்டில் எண்களை நிரப்பி வைத்திருந்தார்கள். 7 பேர் இறந்தார்கள்; சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள்.

நிறத்துக்கு வருவோம். குழாயைத் திறந்ததும் பால்போல் வெளுத்து, கீழிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. குழாய் பழுதுபார்த்த மறுநாள் வரும் செம்பழுப்பு, துரு. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பு தாண்டினாலே துணியில் கறை படியும் என்பதால் அன்றைக்கு வெள்ளைத் துணி துவைக்காதீர்கள். ஆனால் பழுதுபார்ப்பில் என்னைக் கவலைப்படுத்துவது துரு அல்ல. குழாயில் அழுத்தம் விழும் நேரத்தில் விரிசல்கள் வழியாகச் சுற்றியுள்ள மண்ணின் ஈரம் உள்ளே உறிஞ்சப்படும். நீர் நின்று திரும்பிய நாளில் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பதே என் வழக்கம்.

உப்பு படிவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் நீர் கடினநீர்தான். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்க மறுக்கும். எரிச்சலான விஷயம், ஆபத்தான விஷயமல்ல. இதை வைத்துப் பிழைப்பவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வடிகட்டி விற்க வந்த இளைஞர், நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை என் டம்ளரில் தோய்த்து, எண்ணைக் காட்டி முகம் சுளித்தார். அந்த மீட்டர் அளப்பது நீரின் மின்கடத்தும் திறனை மட்டுமே. கிருமி அதன் கண்ணுக்குப் படாது. ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், முழு மில்லிகிராம்களில் பேசும் மீட்டருக்கு அது எப்படித் தெரியும்? அடுத்து இரண்டு கம்பிகளை நீரில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். தண்ணீர் சேறாக மாறியது. அந்தச் சேறு கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. அவருடைய வடிகட்டி நீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் ஓடவில்லை, கம்பியும் கரையவில்லை. அந்த நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொன்னேன். பெட்டியை மூடிவிட்டார்.

ஈயம் என்று சொன்னேன் அல்லவா, அது பெரும்பாலும் நிலையத்திலிருந்து வருவதில்லை. பழைய வீட்டிணைப்புக் குழாய், பற்றவைத்த மூட்டு, பித்தளைக் குழாய்முனை ஆகியவற்றிலிருந்து வருகிறது. இரவெல்லாம் தேங்கிய நீரில்தான் அதிகம் இருக்கும். நிறம், வாடை, சுவை ஒன்றும் காட்டாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். நைட்ரேட்டும் அப்படியே. பழைய வீட்டில் கைக்குழந்தை இருந்தால், காலையில் குழாயைத் திறந்ததும் வரும் முதல் நீரைப் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அதுவரை குளிர்ந்த நீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள்; வெந்நீர்க் குழாயிலிருந்து குடிக்கவோ சமைக்கவோ பிடிக்காதீர்கள்.

வாடிக்கையாளர் சேவைக்கு வருகிறேன். நீர் வழங்கும் அலுவலகத்தில் சோதனை முடிவுகளைக் கேட்டபோது, தயக்கமில்லாமல் பதிவேட்டை எடுத்துக் காட்டினார்கள். அதைப் பாராட்ட வேண்டும். எண்களெல்லாம் நன்றாகவே இருந்தன: 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை இல்லை, கலங்கல் குறைவு, குளோரின் போதுமான அளவு. மாதிரி எடுத்த இடம் என்ற பத்தியில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே இடம், சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாய். புறப்படும் இடத்தில் நீர் நன்றாக இருப்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை.

“கடைசித் தெருவில் மாதிரி எடுப்பதில்லையா?” என்று கேட்டேன்.

“அங்கிருந்து புகாரே வந்ததில்லையே, அம்மா” என்றார் எழுத்தர்.

தோழியிடம் எழுதி வாங்கிய புகாரை மறுநாள் அவரிடமே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வந்தேன். அவள் வீட்டுக் குழாயில் மாதிரி எடுக்க வேண்டும், குழாய் முடியும் இடத்திலுள்ள வால்வைத் திறந்து தேங்கிய நீரைக் குறித்த இடைவெளிகளில் வெளியேற்ற வேண்டும் என்று இரண்டே கோரிக்கைகள். பதில் வரும்வரை அவள் காய்ச்சித்தான் குடிக்கிறாள்.