ஒரே பாடம், இரண்டு திரை

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடிய பிறகு, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே பாடம் இரண்டு திரைகளில் கிடைத்தது. அரசின் கல்வித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது யூடியூபிலும் ஏறியது. எது நல்லது என்று கேட்டால், பாடம் புரிவதற்குச் செல்போன்தான் என்பேன். ஆனால் வீட்டில் எத்தனை போன் இருக்கிறது என்று தெரியாமல் அதைச் சொல்லக்கூடாது.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. டேட்டா தீருமோ என்ற கவலை அதில் இல்லை. அண்ணனும் தங்கையும் ஒன்றாக உட்காரலாம். ஆனால் டிவி யாருக்காகவும் காத்திருக்காது. கணக்குப் பாடம் ஓடும்போது கரண்ட் போனால், போனது போனதுதான்.

போனில் நிறுத்தலாம், பின்னால் இழுத்து மறுபடி பார்க்கலாம். இதைச் சின்ன வசதி என்று நினைக்க வேண்டாம். பின்னங்களைக் கூட்டும்போது கீழே உள்ள எண்களை ஏன் ஒன்றாக்குகிறோம் என்பது பிடிபடாத பிள்ளை, வகுப்பில் கையைத் தூக்கக் கூச்சப்படும். போனில் அதே இடத்தை நாலு முறை ஓட்டினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் குறியீடும் உண்டு. தீக்ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொலி வந்துவிடும், தேடி அலைய வேண்டாம்.

சரி, போன் யாரிடம் இருக்கிறது? வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப்பையில். அவர் இரவு திரும்பும்போது சார்ஜ் பாதி தீர்ந்திருக்கும். பத்தாம் வகுப்பு அக்காவுக்குப் பொதுத்தேர்வு என்பதால் முதலில் அவளுக்கு. மூன்றாம் வகுப்புத் தம்பியின் முறை வருவதற்குள் அவன் தூங்கிவிடுவான். எனக்கு இதுதான் உறுத்துகிறது.

அப்புறம், பிள்ளை எழுதியதைத் திருத்த இரண்டு திரைகளிலுமே ஆள் இல்லை. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் அந்த இடத்துக்கு வந்தது. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, மாலையில், அவர்கள் தெருவிலேயே ஒரு தன்னார்வலர் பாடம் சொன்னார். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு விரல் வைத்துப் படித்துக் காட்ட அவரால்தான் முடியும்.

அதனால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குப் போனைவிட, பக்கத்தில் உட்காரும் ஒருவரைத்தான் தேடுவேன். பெரிய வகுப்புக்குச் செல்போன். ஒரே போன் உள்ள வீட்டில், பாடத்தை டிவியில் பார்த்து, புரியாத இடத்தை நோட்டில் குறித்துவைத்து, இரவில் அதை மட்டும் போனில் ஓட்டிப் பார்க்கலாம். பத்து நிமிடம் போதும். தம்பி தூங்குவதற்கு முன் அவனுக்கும் முறை வரும்.