செவில்லில் நாலு மாதம், அதற்குப் பிறகு பத்து வருடம்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வருடத்துக்கு ஒரு அம்மாவாவது பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார். “மக்ளே, நீ ஸ்பெயினுக்குப் போயி படிச்சியே, அது கொள்ளாமா?” கொள்ளாம், அதாவது நல்லதுதான், என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் எதற்குக் கட்டிய காசு வீண், எதற்குக் கட்டியது இன்னும் சோறு போடுகிறது என்று தெரிய எனக்கே பத்து வருடம் ஆகிவிட்டது.

எங்கள் வீடு பாறசாலையில். களியக்காவிளை வந்துவிட்டால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சபையில் இரண்டும் கலந்து. சித்தப்பா குடும்பம் சிகாகோ பக்கம் இருந்ததால் அங்கே ஒரு சின்ன கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தேன். அந்தக் கல்லூரி வழியாக ஒரு பருவம் ஸ்பெயினின் செவில் நகரத்தில் தங்கி ஸ்பானிஷ் படிக்கலாம். 2015 ஜனவரியில் போனேன், மே மாதம் திரும்பினேன். காலையில் வகுப்பு, உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கல், வாரம் ஒரு ஜெபக் கூட்டம், ‘ஸ்பானிஷ் தவிர வேறு மொழி பேச மாட்டேன்’ என்று கையெழுத்துப் போட்ட ஒரு தாள். திட்டம் அவ்வளவுதான்.

அந்தத் தாளின் ஆயுள் இரண்டு வாரம். வகுப்பு முழுக்க அமெரிக்கப் பிள்ளைகள். வாத்தியார் தலை மறைந்ததும் படிக்கட்டிலேயே ஆங்கிலம் ஆரம்பித்துவிடும். ஜெபக் கூட்டமும் ஆங்கிலத்தில்தான். கர்த்தருக்கு ஸ்பானிஷ் தெரியாது போல. அதைவிட எரிச்சல், நுழைவுத் தேர்வு. இலக்கணத் தாளில் நல்ல மார்க் வாங்கிவிட்டேன் என்று மேல் வகுப்பில் போட்டுவிட்டார்கள். பேச வாய் வராது. மூன்று வாரம் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். கீழ் வகுப்புக்கு மாற்றக் கேட்டபோது, பட்டியல் முடிந்துவிட்டது என்று அலுவலகத்தில் கையை விரித்தார்கள்.

என்னைக் காப்பாற்றியது வீடு. ஆற்றுக்கு மறுகரையில் திரியானா என்ற பகுதி. எழுபது வயதை நெருங்கிய ஒரு விதவை அம்மா. அவரைச் செஞோரா என்று கூப்பிடுவோம். அந்த ‘ஞ’ நமக்கு அல்வா மாதிரி. கூடப் படித்தவர்கள் மாதக்கணக்கில் ‘செனோரா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஜனவரிக் குளிரில் தரை ஓடு பனிக்கட்டியாக இருக்கும். வட்ட மேசைக்கு அடியில் ஒரு சின்ன ஹீட்டர், மேலே தரை வரை தொங்கும் கனத்த துணி. துணிக்குள் காலை நுழைத்து உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனசு வராது. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு. இடையில் பேச்சு, பேச்சு, பேச்சு. நான் ஸ்பானிஷ் படித்தது அந்தத் துணிக்கு உள்ளே காலை வைத்துக்கொண்டுதான்.

முதல் நாள் அவர் அந்த மேசையைத் தட்டிக் காட்டி ‘மேசா’ என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்த்துகீசியர் நம் கடற்கரையில் விட்டுப்போன சொற்களின் உடன்பிறப்புகள் எல்லாம் அந்த வீட்டில் இருந்தன. குரிசு அங்கே குரூஸ், குசினி அங்கே கொசீனா, கோப்பை அங்கே கோப்பா. ஜன்னலில் மட்டும் ஏமாந்தேன், அதற்கு வெந்தானா என்று வேறு சொல். ஆரஞ்சைக் கேட்டால் நரான்ஹா. நம் வீட்டு நாரங்காதான். சமஸ்கிருதம், பாரசீகம், அரபி என்று கைமாறி அங்கே போன சொல், அதன் வேர் திராவிட மொழி என்றுதான் அறிஞர் பலரும் சொல்கிறார்கள். செவில் தெருவெல்லாம் நாரங்கா மரம், கீழே பழம் உருண்டு கிடக்கும். ஆசைப்பட்டு ஒன்றை உரித்து வாயில் வைத்தேன். வேப்பங்காய் தோற்றது. அது மர்மலேடு ஜாமுக்குப் போகிற சாதி என்று செஞோரா பிற்பாடு சொன்னார்.

இதை எழுதக் காரணமே இந்தப் பகுதிதான். எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷில் பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, ‘பெறோ’ என்றால் நாய். அமெரிக்கப் பிள்ளைகள் இந்த ‘ற’வுக்காகக் கண்ணாடி முன் நின்று தொண்டை காய்ந்தார்கள். கரியும் கறியும் வேறாக ஒலிக்கும் ஊரில் பிறந்தவளுக்கு அது ஒரு நாள் வேலைகூட இல்லை. அப்புறம் ‘மே குஸ்தா எல் கஃபே’. வாத்தியார் ஒரு வாரம் கரும்பலகையில் அம்பு போட்டு விளக்கினார். எனக்குக் காப்பி பிடிக்கும், அவ்வளவுதானே! காப்பி எழுவாய், நான் ‘எனக்கு’. தலைவலிக்கும் அதே கட்டு: ‘எனக்குத் தலை வலிக்குது’. வினையைப் பார்த்தே பேசுவது யார் என்று தெரிந்துவிடும், ‘நான்’ தேவையில்லை. நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசமும் உண்டு. திணறியது ஆண்பால் பெண்பாலில்தான். மேசை ஏன் பெண், காப்பி ஏன் ஆண் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு.

இன்னொரு இடத்திலும் வழுக்கினேன். கியேரோ என்றால் ‘எனக்கு வேணும்’, கிரேயோ என்றால் ‘நம்புகிறேன்’. சபையில் சாட்சி சொல்ல எழுந்து ‘எனக்குக் கடவுள் வேணும்’ என்கிற மாதிரி சொல்லிவிட்டேன். உள்ளூர்க்காரர்கள் ஆமென் போட்டார்கள், பாவம். ஊருக்கு வந்தபின் கோட்டாற்றுச் சவேரியாரைப் பற்றிப் படித்தபோதுதான் ஆறுதல். இன்றைய ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் பிறந்தவர் அவர். நம் கரையில் சொல்லிக்கொடுத்த தமிழ் விசுவாசப்பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று இருந்ததைக் கண்டு, அதைத் திருத்தச் சொல்லித் தன் கூட்டாளிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதே தப்பு, எதிர்த் திசையில்.

பாடத்திட்டத்தில் இல்லாத இன்னொன்று புனித வாரம். பெரிய வியாழன் ராத்திரி செஞோரா என்னைத் தூங்கவிடவில்லை. திரியானாவின் எஸ்பெரான்சா மாதா விடிய விடியப் பாலம் தாண்டிப் போய்வருவார். முப்பது நாற்பது பேர் சப்பரத்துத் திரைக்கு அடியில் மறைந்து கழுத்தில் சுமக்கிறார்கள். தூபப் புகையும் நாரங்காப்பூ வாசமும் கலந்து அடித்தது. சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட் வீட்டுப் பெண் நான், சொரூபத்துக்கு முன் கைகட்டி நிற்கத் தெரியாமல் நின்றேன். போனில் கேட்ட அம்மாவுக்கு ஒரே கவலை: “அதெல்லாம் இருக்கட்டும், அங்க சோறு கெடைச்சுதா?” கிடைத்தது. பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டுச் செய்வார், கண்ணை மூடினால் நம் வீடு.

இனி பத்து வருடக் கணக்கு. திரும்பி வந்து ஆறே மாதத்தில் படித்ததில் பாதி பறந்துவிட்டது. 2017இல் டெல்லி போய் டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் பி2 நிலை எழுதித் தேறினேன். அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, அதனால் செலவு செய்தது சரி. 2022இல் அடுத்த நிலையான சி1 எழுதித் தோற்றேன், எழுத்துப் பகுதியில். இப்போது திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் மெக்சிகோ வாடிக்கையாளர்களோடு வேலை. அவர்களுக்குக் காலை 9 மணி என்றால் எனக்கு இரவு 8.30. செவில்லில் உருப்போட்ட ‘வோசோத்ரோஸ்’ என்ற ‘நீங்கள்லாம்’ அவர்களிடம் செல்லாத காசு, அங்கே எல்லாருக்கும் ‘உஸ்தெதெஸ்’தான். சொல்லின் கடைசி ‘ஸ்’ஸை விழுங்கும் செவில் பேச்சும் ஒட்டிக்கொண்டது. “கிராமத்துப் பாட்டி மாதிரி பேசுகிறாய்” என்று ஒரு வாடிக்கையாளர் சிரித்தார். பாட்டியிடம்தானே படித்தேன்.

வகுப்புக்கு நான் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். அதை ஆன்லைனில் இன்னும் மலிவாகப் படிக்கலாம். வீட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. ஆகவே, போகிறவர்கள் விடுதி வேண்டாம், குடும்பம் வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள், வீட்டில் வேறு மாணவர் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்து. பேச வராவிட்டால் நுழைவுத் தேர்வில் கெட்டிக்காரத்தனம் காட்டாதீர்கள். 180 நாளுக்குள் திரும்புவதானால் விசாவே போதும், அதற்கு மேல் என்றால் அங்கே போய் வெளிநாட்டவர் அட்டை எடுக்க வேண்டும். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், முதலில் இங்கேயே ஒரு வருடம் படித்துப் பாருங்கள்.

போன மாதம் வந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அந்தப் பிள்ளையிடம் ‘பெறோ’ சொல்லச் சொன்னேன், முதல் தடவையே சுத்தமாகச் சொன்னாள். அப்புறம் செலவைச் சொன்னேன். “அடுத்த ஞாயிறு இவளுக்க அப்பாவையும் கூட்டீட்டு வாறேன்” என்றார். நாலு ஞாயிறு போய்விட்டது.