கோவையில் ‘வெஜ் ராமென்’ சாப்பிடப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். கோவை நகருக்குள் வாரக் கடைசியில் வாசல் வரை கூட்டம் நிற்கும் ஒரு ராமென் (ஜப்பான் நூடுல்ஸ் சூப்) கடையில், மெனுவில் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் ‘வெஜ் மிசோ ராமென்’ சைவமில்லை. அதில் மீன் பொடி போடுகிறார்கள். வாய்விட்டுக் கேட்டோம், அப்போதும் “சுத்த வெஜ்” என்றுதான் சொன்னார்கள். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கீழே சொல்லியிருப்பதை எந்த ராமென் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

புரட்டாசியில் அத்தை, அதாவது என் மனைவியின் அம்மா, கோபியிலிருந்து வந்து தங்கினால் எங்கள் வீட்டு அடுப்பில் கறி ஏறாது. அது அவர் போட்ட சட்டமில்லை. மாசம் முழுக்கக் கவுச்சி தொடாத மனுஷி உட்கார்ந்திருக்கும்போது எங்களுக்கே மனசு வராது. பையனுக்கு அதெல்லாம் இல்லை. கல்லூரிக்குப் போனதிலிருந்து கொரியா நாடகம், ஜப்பான் கார்ட்டூன், அதில் வருகிற நூடுல்ஸ் கிண்ணம், இதுதான் உலகம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் நச்சரிக்க, முந்தின நாள்தான் காரமடை ரங்கநாதரைப் பார்த்துவிட்டு வந்திருந்த அத்தை, “நானும் வர்றன். என்ற பேரன் எதையத்தான் இப்படி வாயப் பொளந்து பாத்துட்டே கெடக்கறான்னு பாக்கோணும்” என்று கிளம்பிவிட்டார். அங்கே கறியும் செய்வார்கள் என்று சொல்லித்தான் கூட்டிப்போனோம். “சட்டி வேற, கரண்டி வேறன்னாப் போதுங் கண்ணு” என்றார்.

கடை வாசலில் பெயர் எழுதிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வைத்தார்கள். வயசானவர் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டதற்கு “உள்ள இடம் காலியாகட்டுங்க” என்று பதில். பிரபலமான கடை என்றால் இப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

ஆர்டர் எடுக்க வந்த தம்பி நம்ம ஊர்ப் பையன்தான். நான் நேராகவே கேட்டேன்: “ஏங்க தம்பி, இந்த வெஜ் ராமென்ல சூப் எதுல பண்றீங்க?”

“காய்கறிலதானுங்க சார். சுத்த வெஜ். ஜெயின் ஆளுங்களே வந்து சாப்பிட்டுட்டுப் போறாங்க.”

அப்போதே மண்டையில் மணி அடித்திருக்க வேண்டிய பதில் அது, ஆனால் அடிக்க விடாமல் அடுத்த மேசைக்கு ஓடிவிட்டார். ஜெயின்காரர்கள் பூண்டு சேர்க்க மாட்டார்கள். மெனுவில் அதே கிண்ணத்துக்குக் கீழே ‘கருக வறுத்த பூண்டெண்ணெயுடன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அத்தைக்கும் மனைவிக்கும் வெஜ் மிசோ, எனக்கும் பையனுக்கும் சிக்கன். கிண்ணம் வந்ததும் அத்தை நூடுல்ஸைத் தூக்கிப் பார்த்து, “சந்தகையாட்டமேதான் இருக்குது” என்று சிரித்தார். நாலு வாய் சாப்பிட்டிருப்பார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மனைவியிடம் மெதுவாக, “ஏஞ்சாமி, இதுல கருவாட்டு வாசம் அடிக்குதா, எனக்குத்தான் அப்பிடித் தோணுதா?” என்று கேட்டார். மனைவி முகர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். மிசோவின் புளித்த வாடையைத் தாண்டி, அடியில் புகை கலந்த கருவாட்டு வாசம். சந்தேகமே இல்லை.

சமையலறை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் திறந்தேதான் இருக்கிறது. எழுந்து போய் அங்கே நின்றுகொண்டிருந்த பையனிடம் கேட்டேன். வடகிழக்குப் பக்கத்துப் பையன், தமிழ் அரைகுறை, ஆனால் பொய் சொல்லத் தெரியாத முகம். “எல்லா சூப்லயும் இது போடும் சார்” என்று ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினான். ஜப்பானிலிருந்து வந்த டாஷிப் பொடி, அதாவது சூப்புக்கு அடிச்சாறு எடுக்கும் பொடி. முன்பக்கம் ஒன்றும் புரியவில்லை. பின்பக்கம் இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்டிக்கரில் சேர்மானப் பட்டியலில் உலர்ந்த மீன் பொடி என்று இருக்கிறது. பக்கத்தில் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். அசைவத்துக்கு இப்போது நம் நாட்டுக் குறி அதுதான். முன்பு இருந்த பழுப்பு வட்டத்தை மாற்றி முக்கோணம் ஆக்கினார்கள். பாக்கெட்டை மட்டும் படம் எடுத்தேன். அந்தப் பையன் முகம் படத்தில் வராதபடி பார்த்துக்கொண்டேன். உண்மை சொன்னதற்காக அவன் வேலை போய்விடக் கூடாது.

மேனேஜர் வந்தார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். “சார், பீஸ் எதுவும் போடலைங்களே, பவுடர்தானே? வாசத்துக்குப் போடறது. ஜப்பான்ல இதை வெஜ்ஜுன்னுதான் சொல்லுவாங்க.”

ஜப்பானில் மீன் சாற்றை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் பரிமாறுவது உண்டு, அங்கே போய்வரும் சைவக்காரர்கள் புலம்புவதும் அதைத்தான். ஆனால் பச்சைப் புள்ளி நம்ம ஊர்க் குறி. மீனோ கோழியோ முட்டையோ எந்த உருவத்தில் சேர்ந்தாலும் நம் உணவுச் சட்டப்படி அது அசைவம். பால், தேன் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. துண்டாகப் போட்டால் அசைவம், இடித்துப் போட்டால் சைவம் என்று எங்கும் எழுதவில்லை. இதைச் சொன்னதும் குரல் மாறியது. “பாட்டிம்மாவுக்கு ஒரு மோச்சி ஐஸ்கிரீம் நம்ம கடை சார்பா தர்றோம் சார், பெருசு பண்ணாதீங்க.”

அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. கைகழுவிவிட்டு வந்து, “போச்சாது உடுங்க மாப்ள, வாங்க போலாம்” என்றார். வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு சாமி ரூமில் போய் உட்கார்ந்தவர் ராத்திரி ஒன்றும் சாப்பிடவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

இந்த டாஷி என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். ராமென் கிண்ணத்தில் சாறு என்று நாம் குடிப்பது ஒரே பொருள் இல்லை. அடியில் ‘தாரே’ என்கிற உப்புச் சுவைக் கலவை, மேலே ஊற்றும் சூப், அதற்கும் மேலே மிதக்கும் வாசனை எண்ணெய், மூன்றும் சேர்ந்தது. மிசோ என்பது சோயாவைப் புளிக்க வைத்த விழுது. மிசோ ராமென் ஜப்பானின் வடக்கே சாப்போரோ பக்கத்து வழக்கம். மிசோ விழுதில் பெரும்பாலும் வில்லங்கம் இல்லை. கூடச் சேர்கிற மூன்றிலும்தான் இருக்கிறது. சூப்பில் பன்றி எலும்பு, கோழி எலும்பு அல்லது மீன் சாறு இருக்கலாம். தாரேயில் மீன் பொடி கலந்திருக்கலாம். எண்ணெய் பன்றிக் கொழுப்போ கோழிக் கொழுப்போ ஆக இருக்கலாம். நூடுல்ஸிலேயே முட்டை சேர்ப்பவர்களும் உண்டு.

மீன் சாறுக்குப் பெரும்பாலும் போடுவது கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, புகையில் திரும்பத் திரும்ப வாட்டி, கத்தி இறங்காத அளவுக்கு இறுக உலர்த்தி, பிறகு சீவி எடுக்கிறார்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்தில் மாசிக் கருவாடு என்பார்களே, அதற்கு ஒன்றுவிட்ட உறவு. அத்தையின் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

மீன் இல்லாமல் ராமென் செய்யவே முடியாது என்றால் ஒருவாறு மன்னிக்கலாம். அப்படியும் இல்லை. கொம்பு என்கிற கடற்பாசியையும் காய்ந்த ஷிடாக்கே காளானையும் ஊறவைத்தால் அருமையான சைவ டாஷி வரும். ஜப்பானின் புத்த மடங்களில் அதுதான் சமையலுக்கு அடிப்படை. உமாமி என்று இப்போது எல்லோரும் சொல்லும் சுவையை 1908-ல் ஜப்பான் வேதியியலாளர் கிகுனே இகேதா கண்டறிந்ததே இந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான். டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே ‘டீஸ் தான்தான்’ என்று முழுக்கத் தாவர உணவு மட்டும் விற்கும் ராமென் கடை இருக்கிறது. ஆக, செய்யலாம். தனிச் சட்டி வைக்க வேண்டும், தனிப் பொருள் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே சட்டியை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் பச்சைப் புள்ளி, இன்னொரு பக்கம் சிவப்புப் புள்ளி ஒட்டினால் லாபம் அதிகம்.

சிக்கன் கிண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘12 மணி நேரம் கொதித்த சாறு’ என்று சுவரில் எழுதியிருக்கிறது. எலும்பு அவ்வளவு நேரம் கொதித்தால் சாறு பால் நிறத்துக்கு வந்து உதட்டில் ஒட்டும். எங்களுக்கு வந்தது உப்புத் தண்ணீர். முட்டை மஞ்சள் கரு பாகுபதத்தில் இருக்க வேண்டும். வந்ததில் கருவைச் சுற்றிச் சாம்பல் வளையம். நூடுல்ஸ் மேசைக்கு வரும்போதே ஊறித் தளர்ந்துவிட்டது. பையனே பாதியில் வைத்துவிட்டான்.

அடுத்தது பில். 2 வெஜ் மிசோ 920, 2 சிக்கன் 1080, ஒரு தட்டு கியோசா (ஜப்பான் மோமோ) 320, மொத்தம் 2320 ரூபாய். அதன் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 232. இரண்டையும் கூட்டி அதற்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி. 2680 ரூபாய் கேட்டார்கள். சர்வீஸ் சார்ஜ் ஏன் என்றால் “கம்ப்யூட்டர்ல தானா வந்துருதுங்க சார்.” தானாக வரக் கூடாது என்பதுதான் விதியே. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி எந்த ஹோட்டலும் சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இப்போதே போன் போடட்டுமா என்று கேட்டதும் கம்ப்யூட்டரில் தானாக வந்தது தானாகப் போய்விட்டது. 2436 ரூபாய்க்குப் புதுப் பில். அந்த 920 ரூபாயை மட்டும் கடைசிவரை குறைக்கவில்லை. “சாப்பிட்டுட்டீங்களே சார்” என்றார் மேனேஜர். நாலு வாய்.

இவ்வளவு நல்ல மதிப்பெண்ணோடு இந்தக் கடை ஏன் மேலே நிற்கிறது என்பதும் அங்கேயே தெரிந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கியூஆர் அட்டை. 5 நட்சத்திரம் போட்டு, போனைக் காட்டினால் ஐஸ்கிரீம் இலவசம். சாப்பாடு வருவதற்கு முன்பே பக்கத்து மேசையில் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனவே மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குறைந்த நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். நான் இப்போது படித்துப் பார்க்கிறேன், அதில் இன்னொருவரும் “வெஜ்ஜில் மீன் வாடை” என்று எழுதியிருக்கிறார்.

வீட்டில் சைவம் பார்ப்பவர்களோடு இந்த மாதிரிக் கடைக்குப் போனால், “வெஜ்ஜா?” என்று கேட்டுப் பயனில்லை, ஆமாம் என்றுதான் வரும். “டாஷி எதுல பண்றீங்க, பாக்கெட்டைக் காட்டுங்க” என்று கேளுங்கள். பாக்கெட் ஸ்டிக்கரில் பச்சை வட்டமா பழுப்பு முக்கோணமா என்று கண்ணால் பாருங்கள். மேலே ஊற்றுகிற எண்ணெய் எது, நூடுல்ஸ் வேகவைக்கும் தண்ணீர் தனியா என்பதையும் கேட்கலாம். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். பக்கத்தில் வைக்கிற கிம்ச்சி என்கிற கொரியா ஊறுகாயையும் காய்தானே என்று நினைக்காதீர்கள். வழக்கமான கிம்ச்சியில் மீன் சாஸும் உப்பு இறாலும் உண்டு. நம்ம ஊர் ஃபாஸ்ட்ஃபுட் வண்டிகளில் காளான் வறுவலுக்கு ஆய்ஸ்டர் (சிப்பி) சாஸ் ஊற்றினால் அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

புகார் கொடுப்பது நான் நினைத்த அளவுக்குச் சிரமமாக இல்லை. பில்லில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்க வேண்டும், 2022 தொடக்கத்திலிருந்து கட்டாயம். அந்த எண், பில், பாக்கெட் படம், பச்சைப் புள்ளியோடு மெனுவின் படம், இவற்றை வைத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்திருக்கிறேன். அதிலும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட்டால் போதும்.

புகார் போன பிறகு கடையிலிருந்து போன் வந்தது. 920 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிடுகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். மெனுவில் பச்சைப் புள்ளியை எடுத்துவிட்டு மீன் என்று எழுதுங்கள், பணமே வேண்டாம் என்றேன். “ஓனர்கிட்டப் பேசிட்டுச் சொல்றோம்” என்றவர்கள் அப்புறம் கூப்பிடவில்லை. நேற்றுவரை டெலிவரி ஆப்பில் அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அப்படியே இருக்கிறது. இதே கடையென்று சந்தேகப்படுகிறவர்கள், பில் வைத்திருந்தால் தூக்கிப்போடாதீர்கள்; உங்கள் பெயரிலும் தனியாக ஒரு புகார் கொடுங்கள்.