கோடை விடுமுறையில் ஏசி மாட்டாதீர்கள்

இந்த முறை ஊருக்குப் போனது மழை ஓய்ந்து குளிர் தொடங்கிய சமயத்தில். மூன்று வார லீவு. அப்பா அம்மா படுக்கும் அறைக்கு ஏசி மாட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்துகொண்டே கிளம்பினேன். "இந்தக் குளிர்ல யாராவது ஏசி போடுவாங்களா?" என்று அம்மா போனிலேயே கேட்டார். குளிர் என்பதால்தான் இப்போது போடுகிறோம் என்றேன்.

காரணம், நான்கு வருடத்துக்கு முன் பட்ட பாடு. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து அப்போது உச்சக் கோடையில் போயிருந்தோம். கூடத்துக்கு ஒரு ஏசி வாங்கினோம். இரண்டே நாளில் பெட்டி வந்துவிட்டது, மாட்டுவதற்குத்தான் ஆள் வரவில்லை. விற்பவர்கள் வேறு, மாட்டுகிறவர்கள் வேறு. பெட்டியை நாமே பிரிக்கவும் கூடாது, மாட்ட வருபவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தினமும் போன் செய்வோம், "நாளைக்குக் கண்டிப்பா" என்பார்கள். வந்தது பத்தாம் நாள் இரவு எட்டு மணிக்கு. அன்றைக்கு எங்களுடையது ஏழாவது வீடு என்று சொன்னார்கள். இரண்டு பேருமே நிற்க முடியாத அளவுக்குக் களைத்திருந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் மாட்டி, குளிர்ந்த காற்று வந்ததைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒரு நாள் விட்டு எங்களுக்கு விமானம்.

அடுத்த கோடையில் அப்பா போன் செய்தார்: "காத்து வருதும்மா, குளிர்ச்சி இல்ல." கேஸ் இறங்கிவிட்டது என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த கோடையிலும் அதே கதை. தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, வீடியோ காலில் அப்பா காட்டும் கேஜை, அதாவது கேஸ் அழுத்தம் காட்டும் மீட்டரை, பார்ப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வயதானவர்கள் உச்சி வெயிலில் ஆளுக்காகக் காத்திருந்தது இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏசியின் கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று மட்டுமே பொருள். கசிவைத் தேடாமல் வருடா வருடம் நிரப்பிக்கொண்டிருந்தால், அது சரிசெய்வதே ஆகாது.

இந்த முறை வந்திறங்கிய மறுநாளே பதிவு செய்தேன். அதற்கு அடுத்த நாள் காலை பத்து மணிக்கு ஆள் வந்துவிட்டார். இருபத்தைந்து வயது இருக்கும். அவசரமே இல்லை. அன்றைக்கு வேறு வீடு இருக்கிறதா என்று கேட்டதற்கு, "சாயங்காலம் ஒரு சர்வீஸ் மட்டும்தான்க்கா" என்றார். உள்யூனிட்டுக்கு மட்டம் பார்த்தார். சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றே கீழே சாயும்படி போட்டார், மழைத்தண்ணீர் உள்ளே வராமலும் ஏசியிலிருந்து வடியும் டிரெயின் தண்ணீர் தேங்காமலும் இருக்க. காப்பர் பைப்பின் முனையை விரித்துப் பிடிக்கும் இடத்தை, அவர்கள் ஃபிளேர் என்று சொல்வதை, முதலில் செய்தது சரியாக வரவில்லை என்று வெட்டியெறிந்துவிட்டு மறுபடி செய்தார். போன முறை கேஸ் கசிந்தது இந்த மாதிரி இடத்தில்தான் என்று பிறகு தெரிந்தது.

அப்புறம் வேக்கம் பம்ப்பை எடுத்தார். அதைக் கண்டதும் எனக்கு நிம்மதி வந்தது. புதிய குழாய்க்குள் காற்றும் ஈரமும் இருக்கும். கேஸைத் திறந்துவிடுவதற்கு முன் இரண்டையும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். அழுத்தம் மிகவும் குறைந்தால் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் வெளியே வருவது அப்படித்தான். சாதாரணக் காற்றழுத்தத்தை, அழுத்தத்தை அளக்க இவர்கள் சொல்லும் மைக்ரான் கணக்கில் சொன்னால் 7,60,000. அதை 500க்கும் கீழே இறக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பரவலாகச் சொல்லும் அளவு. ஈரம் மிச்சம் இருந்தால் கம்ப்ரஸரில் உள்ள எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, உள்ளே அரிக்கத் தொடங்கும். அதன் விளைவு முதல் நாளில் தெரியாது, ஓரிரு வருடம் கழித்துத் தெரியும். பம்ப் அரை மணி நேரம் ஓடியது. நிறுத்திய பின், அழுத்தம் காட்டும் முள் ஏறுகிறதா என்று இன்னும் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் வால்வைத் திறந்தார்.

ஏழு வீட்டுக்குப் போக வேண்டிய நாளில் முதலில் விடுபடுவது இந்த முக்கால் மணி நேரம்தான். பம்ப் வைக்காமல், வெளியூனிட்டில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடுவார்கள். எங்கள் கூடத்து ஏசிக்கு நடந்தது அதுதான். இப்போது பல வீட்டு ஏசிகளில் இருக்கும் ஆர்32 கேஸ் லேசாகத் தீப்பற்றக்கூடியது. கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் நூறு வருடக் கணக்கில் 675 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது கணக்கு. பழைய ஆர்410ஏ இரண்டாயிரம் மடங்குக்கு மேல். இப்படிப்பட்ட கேஸை வேண்டுமென்றே காற்றில் திறந்துவிடுவது எந்த விதத்திலும் சரியில்லை.

குளிர்காலத்தில் மாட்டுவதில் குறைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் கவனித்தவை இவை. வாரண்டி வாங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், பயன்படுத்தாத இரண்டு மூன்று மாதம் அதில் கழிந்துபோகும். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. பெரிய சிக்கல் சோதிப்பதில். அறை ஏற்கெனவே குளிர்ந்திருக்கும்போது இன்வெர்டர் ஏசி சீக்கிரமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், முழு வலுவில் ஓடுவதைப் பார்க்க முடியாது. மாட்ட வந்த தம்பியிடம் கேட்டேன். பல மாடல்களில் சோதனைக்கென்றே வெப்பநிலையைக் கண்டுகொள்ளாமல் முழு வேகத்தில் ஓட்டும் வழி இருக்கிறது என்று சொல்லி அப்படியே ஓட்டிக் காட்டினார். உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தது. டிரெயினைச் சோதிக்க ஒரு செம்பு தண்ணீரை உள்யூனிட்டின் தட்டில் ஊற்றி, வெளியே குழாயில் வருகிறதா என்று பார்த்தோம்.

வெளியூனிட்டை எங்கே வைப்பது என்பதில் நான் ஏமாந்திருப்பேன். நிழலாகத் தெரிந்த வடக்குச் சுவரில் வைக்கச் சொன்னேன். அப்பா வேண்டாம் என்றார். இப்போது சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அங்கே நிழல், கோடையில் மதியத்துக்கு மேல் அந்தச் சுவரில் சாய்வாக வெயில் படும் என்றார். அந்த வீட்டில் முப்பது கோடையைக் கழித்தவர் அவர். கிழக்குப் பக்கம் வைத்தோம். குளிரில் மாட்டுகிறவர்கள் இதை வீட்டிலேயே இருக்கிறவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எத்தனை டன் என்பதிலும் இப்படித்தான். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது ஏறக்குறைய 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். மேல்தளத்து அறையா, மேற்கு ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டுக் கணக்குப் போடவும் இந்த சீசனில்தான் அவர்களுக்கு நேரம் இருக்கிறது. கோடையில் கேட்டால், கையிருப்பில் இருப்பதை வைத்துத்தான் பதில் வரும்.

மழைக்காலம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஈரச் சுவரில் ஏணி போட்டு, வெளியே மின்வேலை பார்க்க யாரையும் நிற்கவைக்கக் கூடாது. குழாய் வாய் திறந்திருக்கும்போது ஈரக்காற்று உள்ளே போவதும் கூடுதல். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் வரிசை மாறும்: சுவருக்குள் பைப் புதைக்கும் வேலையை பெயிண்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும், கோடை எத்தனை மாதம் தள்ளி இருந்தாலும்.

பள்ளி விடுமுறையைத் தவிர வேறு சமயத்தில் வரவே முடியாதவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு ஒன்று: கிளம்புவதற்கு முன்பே, ஆள் வரும் தேதியை உறுதி செய்துவிட்டுப் பிறகு பெட்டியை வாங்குங்கள். தனி எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்), எர்த்திங், தடிமனான வயர் ஆகியவற்றை எலக்ட்ரீஷியனை வைத்து முன்கூட்டியே முடிக்கச் சொல்லுங்கள். வேக்கம் பம்ப் கொண்டு வருவார்களா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். மாட்டிய பிறகு நீங்கள் ஊரில் குறைந்தது ஒரு வாரமாவது இருக்க வேண்டும். ஃபிளேரில் கசிவோ டிரெயினில் ஒழுக்கோ இருந்தால் அதைத் திருத்தச் சொல்லிக் கேட்க ஆள் வேண்டுமே.

நான் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு அதே தம்பியைக் கூடத்து ஏசிக்கும் வரச் சொன்னேன். சோப்பு நுரை தடவிப் பார்த்ததில், வெளியூனிட்டின் நட்டில் குமிழ் வந்தது. மிச்ச கேஸைச் சிலிண்டரில் எடுத்து, முனையை வெட்டிப் புதிதாக விரித்து, பம்ப் ஓட்டி, எடை போட்டு நிரப்பினார். இரண்டு மணி நேரம் ஆனது. கோடையில் இரவு நேரத்து வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பது மட்டும் இப்போது பார்க்க முடியாத விஷயம். அதற்கு ஒரு மீட்டரை ஸ்விட்ச்போர்டு பக்கத்தில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். வெயில் ஏறியதும் இரவு ஒன்பது மணிக்கு அதைப் பார்த்துச் சொல்வதாக அப்பா சொல்லியிருக்கிறார். ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று அதற்குப் பிறகு முடிவு செய்வோம்.