விசி-டர்போ இன்ஜினோடு சில வருடங்கள்

நிஸானின் 2.0 லிட்டர் விசி-டர்போ இன்ஜின் உள்ள காரைச் சில வருடங்களாக ஓட்டுகிறேன். விசி என்றால் வேரியபிள் கம்ப்ரஷன், அதாவது மாறும் அழுத்தம். இந்த அழுத்தும் அளவு, அதாவது கம்ப்ரஷன் ரேஷியோ, மாறுவது ஓட்டும்போது தெரியுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தெரியாது. எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான்.

மற்ற இன்ஜின்களில் பிஸ்டன் காற்றையும் பெட்ரோலையும் எத்தனை மடங்கு அழுத்தும் என்பது மாறாத அளவு. அதிகமாக அழுத்தினால் எரிபொருள் மிச்சமாகும். ஆனால் டர்போ காற்றைத் திணிக்கும்போது நாக்கிங் வந்துவிடும், அதாவது எரிபொருள் நேரம் தவறித் தானாகவே வெடித்து இன்ஜின் தட்டும். அதனால் டர்போ இன்ஜின்களில் ரேஷியோவைக் கொஞ்சம் குறைத்தே வைப்பார்கள். விசி-டர்போ 8:1 முதல் 14:1 வரை தேவைக்கேற்ப மாறிக்கொள்கிறது. கனெக்டிங் ராடுக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே ஓர் இணைப்புத் தண்டு இருக்கிறது. ஒரு மின் மோட்டார் அதன் சாய்வை மாற்ற, பிஸ்டன் ஏறி நிற்கும் உயரமும் மாறுகிறது. இரண்டு எல்லைகளுக்கும் வித்தியாசம் சுமார் 6 மில்லிமீட்டர். இந்த 6 மில்லிமீட்டருக்காக எத்தனை பேர் எத்தனை வருடம் உழைத்திருக்கிறார்கள்! 2000-இல் ஜெனீவா கண்காட்சியில் ஸ்வீடனின் சாப் கார் நிறுவனம் இன்ஜினின் மேல்பாதியையே சாய்க்கும் ஒரு வடிவத்தைக் காட்டியது; அது விற்பனைக்கு வரவில்லை. நிஸான் 2016-இல் பாரிஸில் காட்டியதை 2018-இல் தன் சொகுசு பிராண்டான இன்ஃபினிட்டியின் க்யூஎக்ஸ்50 காரில் விற்பனைக்கே கொண்டுவந்தது.

சாலையில் இதன் அருமை ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதிக்கும்போதுதான் தெரியும். நீண்ட ஏற்றம், முன்னால் ஒரு லாரி, தாண்டக் கொஞ்சம்தான் இடம். மிதித்தால் உடனே பாய்வதில்லை. ஒரு நொடி மூச்சு வாங்குகிறது, அப்புறம் திமிறாமல் இழுத்துக்கொண்டு போகிறது. தாண்டியதும் காலை எடுத்தால் சத்தமே இல்லாமல் சிக்கன நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆறு சிலிண்டர் உள்ள பெரிய வி6 இன்ஜினின் இழுவை முழுக்க இதில் கிடைக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெகு அருகில் வருகிறது.

அதிர்வு குறைவு என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன். எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும் நேரத்தில் ராடு ஏறக்குறைய நேராக நிற்பதால் சிலிண்டர் சுவரில் பக்கவாட்டு அழுத்தம் குறைகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினாக இருந்தும் இதற்கு அதிர்வைச் சமன்செய்யும் பேலன்ஸர் ஷாஃப்ட் தேவைப்படவில்லை. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் கை வைத்தால் வித்தியாசம் புரியும்.

மைலேஜ் முழுக்க நம் காலில் இருக்கிறது. ஒரே சீராகப் போகும் நீண்ட பயணத்தில் மனம் நிறைகிறது. நெரிசலில் நின்று நின்று போனால் மற்ற டர்போ கார்களைப் போலத்தான் குடிக்கும். அந்த மாதிரி ஓட்டமே அதிகம் என்பவர்களுக்கு ஹைப்ரிட்தான் நல்லது. உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டால்தான் முழு சக்தியும் வரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீண்ட நாள் உழைக்குமா? இணைப்புகள் கூடினால் பேரிங்குகளும் கூடும். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் போய்ச் சேர வேண்டும். 2025-இல் பேரிங் பழுது காரணமாக, 1.5, 2.0 லிட்டர் விசி-டர்போ இன்ஜின்கள் உள்ள 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு அமெரிக்காவில் நிஸான் ரீகால் அறிவித்தது, அதாவது பழுதைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. என் இன்ஜின் இதுவரை தொந்தரவு தரவில்லை. இருந்தாலும் ஆயில் மாற்றும் கெடுவைத் தள்ளிப்போடுவதே இல்லை. வடித்த ஆயிலை வெளிச்சத்தில் வைத்து, மினுக்கும் உலோகத் துகள் ஏதாவது தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். நல்ல ஆயில் கறுத்திருக்கும், ஆனால் மினுக்காது.

பழைய காராக வாங்குகிறவர்கள் முதலில் ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து ரீகால் வேலை முடிந்துவிட்டதா என்று பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேளுங்கள். அடியில் தட்டுகிற சத்தம் வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.