இரண்டாவது முறை வாங்கிய சைக்கிள் ஹெல்மெட்

இதே ஹெல்மெட்டை இரண்டாவது முறையாக வாங்கியிருக்கிறேன். முதலாவது ஈசிஆரில் (சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை) கோவளம் தாண்டி உயிரை விட்டது. சாலை ஓரத்தில் காற்று கொண்டுவந்து கொட்டியிருந்த மணல் விடிகாலை வெளிச்சத்தில் கண்ணுக்கே படவில்லை, முன்சக்கரம் வழுக்கியதுதான் தெரியும், தோளும் தலையும் ஒன்றாகத் தரையில் மோதின. முழங்கையில் தோல் போனது, இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தால் வெளி ஓட்டில் வெறும் கீறல், ஆனால் வலது காதுக்கு மேலே உள்ளே இருக்கும் தெர்மகோல் நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

பிராண்டு பெயர் போடவில்லை. 2,000 ரூபாய்க்குள் நான் மாட்டிப் பார்த்த நாலைந்தும் ஏறக்குறைய இதே ரகம்தான். இது 1,700 ரூபாய், வீட்டுத் தராசில் 270 கிராம். வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். இதில் இஎன் 1078 என்று ஐரோப்பியத் தர எண் இருக்கிறது. அந்தச் சோதனையில், உள்ளே ஒரு மாதிரித் தலையை வைத்து, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புப் பரப்பின்மேல் போடுகிறார்கள். மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சைக்கிளிலிருந்து ஆள் விழுந்தால் தலை இறங்கும் உயரம் கிட்டத்தட்ட அதுதான். பஸ் வந்து இடிப்பதை நினைத்துச் செய்த சாமான் இல்லை இது. நசுங்குவதுதான் தெர்மகோலின் வேலையே, அது நசுங்குகிற நேரத்தில் அடி கொஞ்சம் தாமதித்து, பரவி, தலைக்கு வருகிறது. ஒருமுறை நசுங்கினால் தீர்ந்தது, ஒட்டித் தம்பிக்குக் கொடுக்கக் கூடாது (எங்கள் வீட்டில் அந்த யோசனை வந்தது).

சரி, குறைகள். முட்டுக்காடு பாலம் வருவதற்குள் நெற்றிப் பஞ்சு ஊறிவிடும், பிரேக் பிடித்துத் தலை குனிந்தால் பிழிந்துவிட்ட மாதிரி கண்ணில் இறங்கும். பஞ்சைக் கழற்றித் துவைக்கலாம், ஆனால் ஆறு மாதத்தில் வெல்க்ரோ பிடியை விட்டுவிட்டது. கறுப்புப் பட்டையில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடு. முன் துளைகளில் பூச்சி வலை வைத்திருப்பது பெரிய புண்ணியம், வலை இல்லாத ஹெல்மெட்டுக்குள் குளவி புகுந்து நண்பர் ஒருவர் நடுரோட்டில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவன் நான்.

அளவு முக்கியம். கடைக்குப் போகும் முன் புருவத்துக்கு மேலே டேப் சுற்றித் தலையை அளந்துகொள்ளுங்கள். எனக்கு 57 சென்டிமீட்டர், மீடியம் சரியாக உட்கார்ந்தது. புருவத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம், பின்மண்டைத் திருகை முறுக்கியபின் தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நெற்றி முழுக்கத் திறந்து கிடக்கப் பின்னால் தள்ளி மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் வீணாகிற 1,700 ரூபாய்தான் கண்ணில் தெரிகிறது.

அப்புறம், சைக்கிளுக்கு எதற்கு ஹெல்மெட் என்று டீக்கடையில் கேட்காத ஆளில்லை. நம் ஊரில் சட்டம் கேட்பது மோட்டார் வண்டிக்குத்தான். ஆஸ்திரேலியாவில் 1990களின் தொடக்கத்திலிருந்து கட்டாயம், நெதர்லாந்திலோ பெரும்பாலோர் வெறும் தலையோடுதான் போகிறார்கள், ஆனால் அங்கே சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருக்கிறது. பந்தயக்காரர்களே வெகுநாள் அடம்பிடித்தார்கள், 2003இல் பிரான்சின் பாரிஸ்-நீஸ் சைக்கிள் பந்தயத்தில் கசகஸ்தான் வீரர் கிவிலெவ் விழுந்து இறந்த பிறகுதான் அவர்களுக்குக் கட்டாயமானது. இங்கே கட்டாயமாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. விடிகாலையில் கேரியரில் கீரைக்கட்டு வைத்து மிதிக்கிறவரை நிறுத்தி அபராதம் கேட்கிற காட்சியை நினைக்கவே முடியவில்லை. தெருமுனைக்குப் பால் வாங்கப் போகும்போது நானே போடுவதில்லை. ஆனால் லாரி ஓடும் சாலையில் 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறவர் போடாமல் வந்தால், என்னோடு வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது தாடைக் கொக்கிக்காக. பூட்டும்போது வாரத்துக்கு ஒருமுறையாவது கழுத்துத் தோலைச் சேர்த்துக் கடிக்கிறது.