தோசைக்கல்: வார்ப்பா, தகடா, நான்ஸ்டிக்கா?

பாத்திரக் கடையில் தோசைக்கல் கேட்டால் மூன்றை எடுத்துப் போடுவார்கள். கறுப்பாக, கனமாக, கைப்பிடியோடு சேர்த்தே வார்த்த வார்ப்பிரும்புக் கல் ஒன்று. வட்டமாக வெட்டிய இரும்புத் தகட்டின் ஓரத்தில் கைப்பிடியை ரிவெட் அடித்த கல் இன்னொன்று. மூன்றாவது, அட்டைப்பெட்டிக்குள் பளபளவென்று இருக்கும் நான்ஸ்டிக். விலையும் எடையும் கடையிலேயே தெரிந்துவிடும். உண்மையான வித்தியாசம் தெரிவது வீட்டில், நாலாவது தோசையில்தான்.

முதல் தோசை எந்தக் கல்லிலும் ஒட்டலாம், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நாலாவது தோசை வரும்போதுதான் கல்லின் கனம் பேச ஆரம்பிக்கும். ஒரு பெரிய கரண்டி மாவு கிட்டத்தட்ட 100 கிராம். அறைச் சூட்டில் இருக்கும் அந்த மாவு 100 டிகிரிக்கு ஏறவே சுமார் 26 கிலோஜூல் சூடு வேண்டும். அதைக் கல் மட்டுமே கொடுப்பதாகக் கணக்குப் போட்டால், இரண்டரைக் கிலோ வார்ப்பிரும்புக் கல்லின் சூடு சுமார் 23 டிகிரி இறங்கும். 1.6 கிலோ தகட்டுக் கல்லில் 35 டிகிரி. 700 கிராம் அலுமினிய நான்ஸ்டிக்கில் 40 டிகிரிக்கு மேல். மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாவது இதற்கு மேல் தனிச் செலவு. அதை அடுப்புத்தான் ஈடுகட்ட வேண்டும். நான்ஸ்டிக்கில் வரிசையாகச் சுடும்போது மூன்றாவது, நாலாவது தோசை வெளுத்துப் போய் வருவதற்கு மாவின் மேல் பழி போடுவார்கள். கல் இளைத்தது என்பதுதான் காரணம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் வார்ப்பிரும்பைவிட மூன்று நான்கு மடங்கு சுறுசுறுப்பு. நான்ஸ்டிக் இரண்டு நிமிடத்தில் காய்ந்து, ஓரம் முதல் நடு வரை ஏறக்குறைய ஒரே சூடாக இருக்கும். வார்ப்பு அப்படியில்லை. அடுப்பைப் பெரிதாக வைத்து அவசரப்படுத்தினால், தீ வளையம் படும் இடம் மட்டும் காய்ந்து, ஓரம் பச்சையாக நிற்கும். தோசையின் அடியில் வளையல் வடிவத்தில் கருகிய வட்டம் விழுவது இதனால்தான். நடுத்தரத் தீயில் 7, 8 நிமிடம் பொறுமையாகக் காய வைத்தால் அந்த வட்டம் வராது. காய்ந்த வார்ப்பைத் தணிப்பதும் சுலபமில்லை. தீயைக் குறைத்தாலும் கல்லுக்குச் சேதி போய்ச் சேர இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை தண்ணீர்த் துளியும் வெங்காயமும்தான் துணை.

சூடு பார்க்கும் விதம் இரண்டு இரும்புக்கும் ஒன்றே. விரலால் நாலு துளி தண்ணீர் தெளியுங்கள். துளி அப்படியே உட்கார்ந்து மெதுவாகக் கொதித்தால் கல் போதவில்லை; இந்த நிலையில் ஊற்றினால் மாவு வெந்து மொறுமொறுப்பாவதற்கு முன்பே இரும்பில் அப்பிக்கொள்ளும். சுர்ரென்று சத்தம் போட்டு ஓரிரு நொடியில் காணாமல் போனால் ஊற்றலாம். துளி முத்துப் போல உருண்டு ஓடினால் கல் சுமார் 200 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள்: துளிக்கு அடியில் ஆவி மெத்தை போட்டு அதைத் தூக்கிப் பிடிக்கிறது. இந்தச் சூட்டில் மாவு விழுந்த இடத்திலேயே இறுகிவிடும். கரண்டியைச் சுழற்றினால் பரவாமல், கரண்டியோடு சுருண்டு எழுந்து வரும். அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரு சுற்றுத் தேய்த்தால் சூடும் தணியும், எண்ணெயும் மெல்லிசாகப் பரவும்.

நான்ஸ்டிக்கில் மாவு சுருண்டு வர வேறொரு காரணமும் சேர்ந்துகொள்ளும். அந்த வழவழப்பில் மாவுக்குப் பிடிமானம் இல்லை. போதாக்குறைக்கு முதலிலேயே எண்ணெய் விட்டால், அது பரவாமல் முத்து முத்தாக நிற்கும். அதன் மேல் மாவு வழுக்கும். எனவே நான்ஸ்டிக்கில் ஊற்றுவதற்கு முன் எண்ணெயே வேண்டாம். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, குறைந்த சூட்டில் மாவு, தேய்த்து முடித்த பிறகு தீயைக் கூட்டி ஓரத்தில் எண்ணெய். இரும்புக் கல்லில் பழகிய கை இந்த வரிசைக்குப் பழக ஒரு வாரமாவது ஆகும்.

பழக்குவது

புதுத் தகட்டுக் கல்லில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும். முதலில் அதைச் சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் இரண்டு முறை தேய்த்துப் போக்க வேண்டும். வடிகஞ்சியை ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற வைப்பது பழைய வழக்கம். தினம் கஞ்சியை மாற்றித் தேய்த்துக் கழுவினால் கறுப்புச் சாயம் இறங்குவது கண்ணுக்கே தெரியும். அது சுத்தம் செய்யும் வேலை மட்டுமே. கல்லைப் பழக்குவது எண்ணெயும் சூடும்தான்.

கழுவிய கல்லை அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போக விடுங்கள். அரை டீஸ்பூன் எண்ணெயை விட்டுத் துணியால் எங்கும் தடவி, பிறகு வேறொரு காய்ந்த துணியால் அதைத் துடைத்தே எடுத்துவிடுங்கள். எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். இப்போது நடுத்தரத் தீயில், புகை கிளம்பி அடங்கும் வரை வைத்து ஆற விடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. சூட்டில் எண்ணெய் கெட்டிப்பட்டு, இரும்போடு ஒட்டிய மெல்லிய தோலாக மாறுகிறது. தோசை ஒட்டாமல் எழும்புவது அந்தத் தோலின் தயவில். எண்ணெயைத் தாராளமாக விட்டவர்களுக்குப் பிசின் போன்ற பிசுபிசுப்புத்தான் மிச்சம். அதன் மேல் ஊற்றும் மாவு இன்னும் மோசமாக ஒட்டும். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டும் இதற்கு நன்றாக இறுகும். தேங்காய் எண்ணெய் அவ்வளவாக இறுகாது. அது தோசை சுட ஏற்றது, கல் பழக்க அல்ல.

வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் பழக்கியே விற்கிறார்கள். நம்பலாம், ஆனால் முழுதாக அல்ல. மணல் அச்சில் வார்த்த கல்லின் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அந்தக் குழிகள் நிரம்பி வழவழப்பாகத் தினமும் சுட்டாலும் மாதக்கணக்கு ஆகலாம். மேற்பரப்பைக் கடைந்து மழமழப்பாக்கிய கல் கொஞ்சம் விலை கூடுதல். அந்தக் கூடுதல் காசு வீணல்ல. விரல் நகத்தால் கீறிப் பார்த்தாலே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

பழகிய கல்லைக் கெடுப்பது பெரும்பாலும் சப்பாத்திதான். எண்ணெயில்லாத கல்லில் பத்துச் சப்பாத்தி சுட்டால் உதிரும் மாவு கருகி, காய்ந்த சூடு எண்ணெய்த் தோலையும் தின்றுவிடும். மறுநாள் தோசை எழும்பாது. பல வீடுகளில் சப்பாத்திக்குத் தனிக்கல் இருப்பது வெட்டிச் செலவல்ல. ஆம்லெட்டும் அப்படித்தான்: முட்டை ஒட்டிய இடத்தில் அடுத்த தோசையும் ஒட்டும். தக்காளி ஊத்தப்பத்தை வாரம் ஒரு முறை போடலாம். தினமும் போட்டால் புளிப்பு தோலை அரிக்கும்.

ஒட்ட ஆரம்பித்த கல்லைத் தூக்கிப் போட வேண்டாம். சின்னத் தீயில் வைத்து, ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுத் துணியால் அழுத்தித் தேய்த்தால் கருகல் உப்போடு வந்துவிடும். கழுவிக் காய வைத்து, மேலே சொன்ன எண்ணெய்ப் பூச்சை இரண்டு முறை செய்யுங்கள். சுடும்போது முதலில் சின்னதாக, தடியாக ஒரு கல்தோசை ஊற்றி எடுங்கள். முறுகல் பிறகு வரும்.

ஓட்டல் கல்லும் வீட்டுக் கல்லும்

ஓட்டலில் மாஸ்டர் ஒரு குவளைத் தண்ணீரைக் கல்லில் வீசி, தென்னங்குச்சித் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிட்டு மாவு ஊற்றுவதைப் பார்த்து, வீட்டு வார்ப்பில் அதே வேலையைச் செய்யக் கூடாது. அங்கே இருப்பது விரல் கனத்துக்கு எஃகுத் தகடு. எஃகு வளையும், நெளியும், எளிதில் விரிசல் விடாது. வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை இருப்பதால் அது மொடமொடப்பானது. 200 டிகிரியில் இருக்கும் வார்ப்பைக் குழாய்த் தண்ணீருக்கடியில் பிடித்தால் விரிசல் விடலாம், சில சமயம் இரண்டாகவே உடையும். நாலு துளி தெளிப்பதால் ஒன்றும் ஆகாது. கீழே போட்டாலும் வார்ப்பு உடையும், தகடு ஒடுக்கு விழுவதோடு சரி.

ஓட்டல் தோசையின் ரகசியம் மாவில் இருப்பதைவிட அந்தத் தகட்டின் கனத்தில் அதிகம். ஒரே நேரத்தில் எட்டுத் தோசை ஊற்றினாலும் சூடு அசையாது. வீட்டில் அதற்குக் கிட்டத்தில் போவது வார்ப்பு. முறுகல், நெய் ரோஸ்ட், காய்ந்த கல்லில் உயரத்திலிருந்து வீசி ஊற்றும் ரவா தோசை மூன்றுக்கும் வார்ப்பே சரி. அடைக்கு இன்னும் பொருத்தம்: நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, சின்னத் தீயில் நின்று வேகும் பண்டத்துக்குச் சூட்டைப் பிடித்து வைக்கும் கல் வேண்டும். கல்தோசை, செட் தோசை, ஊத்தப்பத்துக்குத் தகட்டுக் கல் போதும். பல தகட்டுக் கல்லில் நடு லேசாகக் குழிந்திருக்கும், மாவு அங்கே தங்கித் தடியாக வேகும். கோதுமை மாவுக் கரைத்த தோசை, கேழ்வரகு தோசை போன்ற பிடிமானம் குறைந்த மாவுகளை நான்ஸ்டிக் சிரமமில்லாமல் எழுப்பிக் கொடுக்கும். இதில் மட்டும் அதற்குப் போட்டி இல்லை.

நான்ஸ்டிக்கின் எல்லை

அந்தப் பூச்சின் பெயர் பி.டி.எஃப்.இ. 260 டிகிரியைத் தாண்டினால் கெட ஆரம்பிக்கும். 350 டிகிரிப் பக்கம் போனால் நச்சுப் புகை வரும். தோசை இருக்கும் வரை மாவின் ஈரம் கல்லைக் காப்பாற்றும். ஆபத்து வெறும் கல்லில்தான். பெரிய தீயில் வைத்துவிட்டுச் சட்னிக்குத் தாளிக்கப் போனால், சில நிமிடத்தில் 260-ஐக் கடந்துவிடும். அந்தப் புகை மனிதருக்குக் காய்ச்சல் மாதிரி உடம்பு வலியைக் கொடுக்கும், பறவைகளைக் கொன்றேவிடும். கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் வீடுகள் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது. பெட்டியின் மேல் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லை' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து எவ்வளவு சூடும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். அது தயாரிப்பில் முன்பு பயன்பட்ட ஒரு வேதிப்பொருளைப் பற்றியது. சூடு தாங்குவது வேறு விஷயம்.

எஃகுத் தோசைத் திருப்பி படக் கூடாது, கம்பி நார் படக் கூடாது, மரக்கரண்டி அல்லது சிலிகான் மட்டுமே. இவ்வளவு கவனமாக இருந்தாலும் தினமும் சுடும் வீட்டில் இரண்டு மூன்று வருடத்தில் நடுப்பகுதி மங்கி, ஒட்ட ஆரம்பிக்கும். இரும்பு மாதிரி அதைத் திரும்பப் பழக்க வழியில்லை. பூச்சு உரிந்ததும் மாற்ற வேண்டியதுதான்.

இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கும் வீடு இன்னொன்றைப் பார்க்க வேண்டும். வெறும் அலுமினியம் அதில் சூடாகாது. அடியில் இரும்புத் தகடு பதித்த நான்ஸ்டிக்தான் வேலை செய்யும். குழிந்த தகட்டுக் கல்லும் சரிவராது. அடி தட்டையான வார்ப்பு நன்றாகப் பிடிக்கும். ஆனால் அடுப்புக்குள் இருக்கும் சுருள் பெரும்பாலும் கல்லைவிடச் சிறியது. 30 செ.மீ. கல்லை வைத்தால் ஓரம் வேகாது, நடு கருகும். 25 செ.மீ. போதும். ஆரம்பத்திலேயே முழு வாட்டில் வைத்தால் நடு மட்டும் விரிந்து தகடு நெளியும், வார்ப்பு விரிசல் விடவும் கூடும்.

கழுவும் வேலையை யார் செய்கிறார் என்பதும் கணக்கில் வர வேண்டும். இரும்பைச் சிங்க்கில் ஊற விட்டால் அன்று மாலையே துரு. புளித்த மாவு ஒட்டியபடி விட்டால் இன்னும் சீக்கிரம். ஆறிய பிறகு வெந்நீரில் தேங்காய் நாரால் தேய்த்து, அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும்: மூன்று நிமிட வேலை. அந்த மூன்று நிமிடம் கிடைக்காத வீட்டுக்கு நான்ஸ்டிக் நேர்மையான தேர்வு. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும், இரண்டு பேர் மட்டும் இருக்கும் வயதான வீடுகளுக்கும் இரண்டரைக் கிலோவைத் தூக்கிக் கழுவச் சொல்வது நியாயமில்லை. வாரம் நாலு நாள் தோசை ஊற்றும் குடும்பத்துக்குக் கடைந்த வார்ப்பு. காசு குறைவாக, கை தவறினாலும் உடையாமல் வேண்டுமென்றால் தகடு. மூன்றிலும் விலைக்கு அதிகம் உழைப்பது அதுதான், கடையில் குறைவாக மதிக்கப்படுவதும் அதுதான்.

தகடு எடுப்பதாக இருந்தால் 3 மி.மீ. கனத்துக்குக் குறையக் கூடாது; அதற்குக் கீழே போனால் ஆறே மாதத்தில் நெளிந்து எண்ணெய் ஒரு பக்கமாக ஓடும். கல்லைக் கடை மேசையில் கவிழ்த்து வைத்து, ஓரத்தை நாலு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. வார்ப்பென்றால் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல கல் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ மயிர்க்கோடு விரிசல் இருக்கலாம், வேறு கல்லை எடுக்கச் சொல்லுங்கள்.